வல்வில் ஓரியின் வாழ்வு: சங்கப் பாடல்களின் மெய்ப்பாடு, தொனி, நடை வழி ஒரு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் வாழ்வு முழுவதும் சங்கப் பாடல்களின் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. அவன் வரலாற்றைத் தொகுப்போர் அப்பாடல்களிலிருந்து செய்திகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றைச் சுமந்து வந்த மெய்ப்பாட்டையும் தொனியையும் நடையையும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். அவற்றையும் சான்றாகக் கொண்டால், வில்லாற்றலும் கொடையும் மட்டுமே உடைய ஒரு படிமத்துக்குப் பதிலாக, புகழ்ச்சிக்கு நாணியவனும், ஒரு புலவரை மனம் வருந்த வைத்தவனும், இரங்கற்பா கிடைக்காத இறப்பை உடையவனுமான ஒரு தலைவனைக் காணலாம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வல்வில் ஓரி, கொல்லிமலை, மெய்ப்பாடு, தொனி, நடை, புறநானூறு, நற்றிணை.

முன்னுரை

கல்வெட்டோ காசோ துணைநில்லாமல், பாடல்களை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு ஒரு மனிதனின் வாழ்வை எழுத நேரும்போது, வரலாற்றாசிரியரும் இலக்கியத் திறனாய்வாளரும் ஒருவராகவே இருந்தாக வேண்டும். பாடல் கூறும் செய்தியை அது கூறப்பட்ட முறையிலிருந்து பிரிக்க இயலாது. வியப்பில் சொல்லப்பட்டதை ஆவணமாகவும், நகையில் சொல்லப்பட்டதைப் பழியாகவும், மனத்தாங்கலில் சொல்லப்பட்டதைப் பொது அறமாகவும் கொண்டுவிட்டால் வாழ்வு திரிந்துபோகும்.

ஓரி பற்றிய பாடல்கள் இவ்வாய்வுக்கு மிகவும் ஏற்றவை. புறநானூற்றில் 152, 153, 204 ஆகிய 3 பாடல்கள் அவனை நேரே பாடுகின்றன. 158ஆம் பாடல் அவனை வள்ளல்களுள் ஒருவனாக எண்ணுகிறது. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய அகநூல்கள் அவனை உவமையில் வைக்கின்றன. சிறுபாணாற்றுப்படை அவனை 7 வள்ளல்களின் வரிசையில் நிறுத்துகிறது. ஒரே மனிதனைப் பற்றி வெவ்வேறு புலவர்கள், வெவ்வேறு தேவைகளுக்காக, வெவ்வேறு குரல்களில் பேசியுள்ளனர்.

மெய்ப்பாடு, தொனி, நடை

இக்கட்டுரையில் மெய்ப்பாடு என்பது பாடலுக்குள் தோன்றிக் கேட்போரிடத்தும் படரும் உணர்வு. தொனி என்பது சொல்வோர் தாம் சொல்லும் பொருள்மீதும் கேட்போர்மீதும் கொண்ட மனநிலை. நடை என்பது சொற்களும் தொடர்களும் அடுக்கப்பட்ட முறை. மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை, ஆனால் ஒன்றல்ல. அஞ்சத்தக்க ஒரு நிகழ்வை ஒருவர் நகைத்தொனியில் சொல்லலாம். துயரமான ஒரு செய்தியை அமைதியான நடையில் வைக்கலாம். இந்த இடைவெளிகளிலேயே புலவரின் நோக்கம் வெளிப்படுகிறது.

தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என 8 மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் 4 நிலைக்களன்களைக் கூறுகிறது. பெருமிதத்துக்குரிய நான்கு கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியன. இவற்றுள் தறுகண்ணும் இசைமையும் கொடையும் ஓரி பற்றிய பிற்கால நினைவை முழுமையாக நிரப்பியுள்ளன. எனவே அவனைப் பெருமிதத்தின் வடிவமாகவே காணும் வழக்கம் இயல்பாகத் தோன்றியது. ஆனால் பாடல்களில் மருட்கை, நகை, இளிவரல், அச்சம் ஆகியனவும் இடம்பெறுகின்றன.

மலையும் தலைவனும்

கொல்லிமலை இன்றைய நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக உள்ளது. அருவி, மூங்கில், பலா, தேன், மலைநெல், யானை ஆகியவற்றோடு அது சங்கப் பாடல்களில் வருகிறது. அம்மலைக்கு ஓரி தலைவனாக இருந்தான். மழவர் என்னும் மறக்குடியினரின் தலைவனாக அவனை நற்றிணை 52ஆம் பாடலில் பாலத்தனார் சுட்டுகிறார். புறநானூறு 153ஆம் பாடலில் அவன் பெயர் ஆதன் ஓரி என வருகிறது. அவன் ஊர்ந்த குதிரையின் பெயரும் ஓரி என்பது சிறுபாணாற்றுப்படையால் தெரிகிறது. வல்வில் என்னும் அடை அவனது வில்லாற்றலால் அமைந்து, பெயரிலிருந்து பிரியாமல் நின்றுவிட்டது.

அம்மலை மக்களின் வாழ்வைக் கபிலர் குறுந்தொகை 100ஆம் பாடலில் சில சொற்களில் தருகிறார். அருவி பாயும் நிலத்தில் மலைநெல் விதைத்து, ஊடே முளைக்கும் களைகளை நீக்கி வாழும் சிற்றூர் அது. அதற்குக் காந்தளே வேலி. பசி வந்தால் அவ்வூரார் யானைக் கொம்பை விற்று உண்பர். வள்ளல் எனப் புகழப்பட்டவனின் மலையிலும் பசி இருந்தது. ஆயினும் கபிலரின் தொனியில் குறைகூறல் இல்லை. விலையுயர்ந்த யானைத் தந்தமே அன்றாட உணவுக்கான பண்டமாற்றாகும் வளமும், அந்த வளத்துக்கிடையே தலைகாட்டும் வறுமையும் ஒரே தொடரில் அமைதியாக அமைகின்றன. ஓரி ஆண்ட நாட்டின் பொருளியலுக்கு இதைவிட நேரான சான்று இல்லை.

வேட்டைக் களத்து ஓரி

ஓரி வாழ்வில் மிகவும் அறியப்பட்ட நிகழ்வு வன்பரணர் புறநானூறு 152இல் பாடியது. யானையை வீழ்த்திய ஓர் அம்பு புலியைக் கொன்று, மானை உருட்டி, காட்டுப்பன்றியை விழச்செய்து, அருகிலிருந்த புற்றில் கிடந்த உடும்பின் உடலில் சென்று தைத்தது என்பது செய்தி. பள்ளிப் பாடநூல் முதல் மேடைப்பேச்சு வரை இது ஓரியின் வில்லாற்றலுக்குச் சான்றாக எடுத்துரைக்கப்படுகிறது.

இப்பகுதியின் நடை கருதத்தக்கது. வினைகள் எச்சங்களாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படுகின்றன. எந்த விலங்கிடத்தும் தொடர் முடிவதில்லை. அம்பு நிற்கும் இடத்திலேயே அடுக்கும் நிற்கிறது. அம்பின் ஓட்டத்தைத் தொடரின் ஓட்டமே செய்துகாட்டுகிறது. எனவே இது அளந்து எழுதப்பட்ட வேட்டைக் குறிப்பு அன்று. மருட்கை என்னும் மெய்ப்பாட்டின் மொழிவடிவம். ஐந்து விலங்குகளும் உண்மையில் ஒரே அம்பால் வீழ்ந்தனவா என்னும் வினா பாடலின் தன்மையை உணராத வினாவாகும். கண்டவர் எந்த அளவுக்கு வியந்தார் என்பதே பாடல் தரும் சான்று.

அதனினும் முக்கியமானது அடுத்த பகுதி. விறலியோடு வழிநடந்து வந்த கலைஞனின் குரலில் பாடல் பேசுகிறது. வில்லேந்தி நிற்பவன் யார் என்பது அக்கலைஞனுக்குத் தெரியவில்லை. ஊனை விற்றுப் பிழைக்கும் வேட்டுவனாக அவன் தோன்றவில்லை. தோற்றத்தில் செல்வம் தெரிகிறது. இவன் ஓரிதானோ, அல்லனோ என்று மனம் ஊசலாடுகிறது. பிற்காலத் தொகுப்புகள் இந்த ஐயத்தை நீக்கிவிட்டு, ஓரி எய்தான் என்று உறுதிபடச் சொல்கின்றன. ஐயம் நீங்கினால் பாடலின் உயிர்ப்பகுதியும் நீங்கிவிடும். முழவும் யாழும் பிற கருவிகளும் ஒலிக்க, 21 துறைகளையும் முறையாகப் பாடி, இறுதியில் தலைவனை விளித்தபோது, தன் பெயரைக் கேட்ட அவ்வேட்டுவன் நாணினான் என்று பாடல் கூறுகிறது. அந்த நாணமே அவன் ஓரி என்பதற்கு அடையாளமாயிற்று.

எட்டு மெய்ப்பாடுகளுக்கு அப்பால் தொல்காப்பியர் அடுக்கிக் கூறும் 32இல் அடக்கமும் நாணுதலும் இடம்பெறுகின்றன. பெருமிதத்துக்கு உரிய செயலைச் செய்தவனிடம் நாணம் தோன்றுவதாகக் காட்டியது வன்பரணரின் தனித்திறன். வில்லாற்றல் அவனது புகழ் என்றால், நாணம் அவனது இயல்பு. தமக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் வாய்திறக்கும் முன்பே, தான் வேட்டையாடிய மானின் வெந்த ஊனையும், உருக்கிய நெய்போன்ற மதுவையும், தன் மலையில் பிறந்த பொன்னை மணிகளோடு கலந்தும் அக்காட்டிலேயே கொடுத்தான். அரண்மனையும் அவையும் இல்லாத இடத்தில், பார்ப்போர் எவருமில்லாத நிலையில் நிகழ்ந்த கொடை அது.

கொடையும் அதன் மறுபக்கமும்

புறநானூறு 153ஆம் பாடலும் வன்பரணர் பாடியதே. இரவலர்க்கு நாள்தோறும் அணிபூண்ட யானைகளை வழங்குபவன் ஓரி; அவன் கொடையைக் காணப் புலவரின் சுற்றத்தார் சென்றனர். நீரில் பூக்காத, மணிகளால் ஆன குவளை மலர்களை வெள்ளி நாரில் தொடுத்த கண்ணியும், அணிகலன்களும், யானைகளும் பெற்றனர். அதன்பின் அவர்களைப் பசி அணுகவில்லை. ஆடும் தொழிலையும் பாடும் தொழிலையும் அவர்கள் மறந்துபோயினர்; அதற்குக் காரணம் பசியில்லாமைதானோ என்று புலவர் வினவுவது போல் பாடல் முடிகிறது.

இதன் தொனியை இருவகையில் கொள்ளலாம். வறுமையை வேரோடு நீக்கிய கொடை என்னும் உவகை ஒன்று. வயிறு நிறைந்ததும் கலையைக் கைவிட்ட சுற்றத்தாரைப் பார்த்து எழும் மென்மையான நகை மற்றொன்று. இறுதியில் வினாவை நிறுத்தும் நடை இரண்டையும் ஒருசேர வைத்திருக்கிறது. பசியே கலைஞனை ஊர் ஊராக நடத்தியது. பசி நீங்கினால் கலை என்னாகும் என்ற வினா புகழ்ச்சிக்குள் மறைந்து நிற்கிறது. ஓரியின் கொடையால் கலைஞர் குடும்பங்கள் அடைந்த மாற்றத்தை இப்பாடலின் நகையே நமக்கு உணர்த்துகிறது. வெறும் பொருட்பட்டியல் அதை உணர்த்தாது.

மனம் வருந்திய புலவர்

ஓரி பற்றிய வரலாறுகளில் மிகக் குறைவாகப் பேசப்படும் பாடல் புறநானூறு 204. பாடியவர் கழைதின் யானையார். அவர் பெயரில் கிடைப்பது இந்த ஒரு பாடலே. கொடு என்று இரத்தல் இழிவு, அதற்குக் கொடேன் என்றல் அதனினும் இழிவு. கொள் என்று கொடுத்தல் உயர்வு, அதைக் கொள்ளேன் என்றல் அதனினும் உயர்வு என்னும் கருத்தோடு அது தொடங்குகிறது. கடல்நீர் தெளிந்திருந்தாலும் வேட்கையுற்றோர் அதைப் பருகுவதில்லை. கால்நடைகள் கலக்கிய சிறிய நீர்நிலையாயினும் அதை நாடியே பல வழிகள் செல்லும். பரிசில் பெறாதோர் தாம் புறப்பட்ட நேரத்தையும் நிமித்தத்தையும் நொந்துகொள்வரே அன்றி வள்ளலை நோவதில்லை; ஆகவே உன்னை வெறுக்கவில்லை, நீ வாழ்க என்று கூறிப் பாடல் நிறைவுறுகிறது.

தொடக்க அடிகள் அறநூல் போன்ற நடையில் அமைந்தமையால், அவற்றைத் தனியே பிரித்து ஈகை பற்றிய பொதுமொழியாக வழங்குவது பெருவழக்காயிற்று. அவ்வாறு பிரிக்கும்போது யாரிடம், எந்நிலையில் சொல்லப்பட்டன என்பது மறைகிறது. பாடல் முழுவதையும் படித்தால், பொதுவுண்மையாகத் தோன்றும் தொடர்கள் ஓரியை நோக்கிச் சொல்லப்பட்ட மனத்தாங்கல் என்பது புலனாகும். கொடேன் என்றல் இழிவு என்னும் கூற்று அவனுக்கு நேரே கூறப்படவில்லை. ஆனால் கேட்பவன் அவனே. கடலின் உவமையும் அத்தகையதே. பெருமையும் தெளிவும் இருந்தும் பயன்படாத நீர் எது என்பதைப் புலவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

இங்கு நடை அறவுரை; தொனி கண்டனம்; மெய்ப்பாடு இரத்தலால் வரும் இளிவரல்; முடிவு வாழ்த்து. நான்கும் ஒன்றோடொன்று முரணி நிற்பதே பாடலின் வலிமை. வேண்டுவதைக் கேட்கும் முன்பே காட்டில் கொடுத்தவன் என்று வன்பரணர் காட்டிய அதே தலைவன், மற்றொரு புலவருக்கு மனவருத்தம் விளைவித்திருக்கிறான். இரண்டும் அவன் வாழ்வைச் சேர்ந்தவை. கொடைப் பாடல்களை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடும் வரலாறு ஓரிக்கும் நேர்மை செய்யாது; வறுமையிலும் தன்மதிப்பை இழக்காமல் பேசிய புலவருக்கும் நேர்மை செய்யாது.

அகப்பாடல்களில் ஓரியின் காடு

அன்பின் ஐந்திணை மாந்தர்க்கு இயற்பெயர் சுட்டக்கூடாது என்பது அகத்திணை மரபு. எனவே வரலாற்று மாந்தர் அகப்பாடலுக்குள் வருவதற்கு உவமையே முதன்மையான வாயில். பரணர் குறுந்தொகை 199இலும் நற்றிணை 6இலும் தலைவியின் கூந்தல் மணத்துக்கு ஓரியின் காட்டைக் கொண்டுவருகிறார். நற்றிணை 265இல் கூந்தலின் அழகுக்கு அவனது கொல்லியில் வாழும் மயிலின் தோகை உவமையாகிறது. பாலத்தனாரின் நற்றிணைத் தலைவன், ஓரியின் செல்வமே கிடைப்பதாயினும் காதலியைப் பிரியேன் என்னும் கருத்தில் தன் நெஞ்சோடு பேசுகிறான்.

இவ்வுவமைகள் ஒரு செய்தியை உறுதி செய்கின்றன. ஓரியின் பெயரைக் கேட்டவுடன் அன்றைய அவையோர்க்கு மலர்மணமும் வளமும் நினைவுக்கு வந்தன. அதனாலேயே புலவர் விளக்கமின்றி அப்பெயரை ஆள முடிந்தது. புறப்பாடலில் வில்லால் நினைக்கப்பட்டவன் அகப்பாடலில் காட்டின் மணத்தால் நினைக்கப்படுகிறான்.

இறப்பு உவமையான விதம்

முள்ளூர்க்கும் கோவலூர்க்கும் தலைவனான மலையமான் திருமுடிக்காரி, ஓரியைப் போரில் கொன்று கொல்லிமலையைச் சேரர்க்குக் கொடுத்தான். இச்செய்தியைத் தருவது கல்லாடனாரின் அகநானூறு 209. எந்தச் சேரன் என அப்பாடல் பெயர் சுட்டவில்லை. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம், பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதிகமானையும் இரு வேந்தரையும் வென்றதாகக் கூறுகிறது. கொல்லி பேரரசுகளின் போட்டிக்கு உரிய நிலமாக இருந்தது என்பது இதனால் தெளிவு. இருவரும் வள்ளல்கள், ஒருவன் மற்றொருவனைக் கொன்றது தனக்காக அன்று, வேந்தன் ஒருவனுக்காக.

அகநானூற்றுப் பாடலில் இச்செய்தி அமைந்துள்ள இடம் குறிப்பிடத்தக்கது. பொருள்தேடிப் பிரிந்த தலைவன் உன் அழகை மறக்கமாட்டான் என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். அவ்வழகு தெய்வம் அமைத்த கொல்லிப்பாவை போன்றது. கொல்லி எத்தகையது என்பதற்கு அடையாகக் காரியும் ஓரியும் சேரரும் வருகின்றனர். ஒரு தலைவனின் கொலை, பெயரெச்சத் தொடருக்குள் ஓர் உறுப்பாக ஒடுங்குகிறது. எனினும் கல்லாடனார் ஓரியை அழியாத நற்புகழை நிலைநாட்டியவன் என்ற அடையோடுதான் குறிக்கிறார். இந்த நடையில் ஒரு நுட்பம் உண்டு: மலையின் தலைவர்கள் தொடருக்குள் அடுத்தடுத்து வந்து மறைய, தொடரின் முடிவில் நிலைபெற்று நிற்பது பாவை மட்டுமே.

கபிலரின் நற்றிணை 320 வேறொரு தொனியில் அமைகிறது. இது மருதத்திணைப் பாடல். விழா முடிந்த ஊரின் தெருவில் இளம்பரத்தை ஒருத்தி நடந்து செல்கிறாள். ஊரே ஆரவாரம் செய்கிறது. மனைவியர் தத்தம் கணவரைக் காத்துக்கொள்கின்றனர். அந்த ஆரவாரத்துக்கு உவமை, ஓரியைக் கொன்றபின் அவன் ஊரின் பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த பேரொலி. உவமையில் இருப்பது அச்சமும் அவலமும். பொருளில் இருப்பது நகை. இரண்டையும் இணைப்பது ஒலி ஒன்றே.

கபிலர் காரியைப் புறநானூறு 121 முதல் 124 வரையுள்ள பாடல்களில் பாடியவர். பாரி இறந்தபோது அவர் பாடிய கையறுநிலைப் பாடல்கள் தமிழின் பெருந்துயரப் பாடல்களுள் அடங்கும். அத்தகைய புலவர் ஓரியின் வீழ்ச்சியை நகைப்பாடலின் உவமையாக்கினார் எனில், அதைக் கொடுமை என்று கொள்ளவேண்டியதில்லை. ஓரியின் பழைய வெற்றியை அவரும் அடைமொழியால் நினைவுகூர்கிறார். கொல்லியின் சிற்றூரையும் பரிவோடு பாடியுள்ளார். ஆனால் அவரது துயரத்தின் குரல் பாரிக்கு உரியதாயிற்று, ஓரிக்கு உரியதாகவில்லை. கிடைத்துள்ள சங்கப் பாடல்களில் ஓரிக்கெனத் தனிக் கையறுநிலை இல்லை. வென்றவனைப் பாடிய புலவரின் பாடலில், தோற்றவனின் ஊர் எழுப்பிய ஒலி மட்டும் மிஞ்சியது. ஒருவேளை அந்த ஒலியே ஓரிக்காக எழுந்த இரங்கலின் எச்சமாகலாம்.

எழுவருள் ஒருவன்

பெருஞ்சித்திரனார் குமணனை நாடிச் சென்று பாடிய புறநானூறு 158, வள்ளல்கள் எழுவரும் மறைந்தபின் இரவலரின் துயர் தீர்க்க நீ இருக்கிறாய் எனக் கேட்டு வந்தேன் என்கிறது. அங்குப் பாரியை அடுத்து ஓரியும், ஓரியை அடுத்து மலையமானும் நிற்கின்றனர். கொல்லப்பட்டவனும் கொன்றவனும் அருகருகே, ஒரே புகழ்த்தொனியில் எண்ணப்படுகின்றனர். இரவலனின் பார்வையில் இருவரின் இழப்பும் ஒன்றே.

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, குன்றுகள் சூழ்ந்த நாட்டைக் கூத்தர்க்குக் கொடுத்தவன் என ஓரியைப் புகழ்ந்து, காரி என்னும் குதிரையை ஊர்ந்த காரியோடு, ஓரி என்னும் குதிரையை ஊர்ந்த ஓரி போரிட்டான் என்கிறது. பெயர்களின் ஒலியொப்புமை போரை இணையான இருவரின் எதிர்நிலையாக்கிவிடுகிறது. யார் வென்றார், யார் இறந்தார் என்பதைப் பாடல் சொல்லவில்லை. நடையின் சமநிலை வரலாற்றின் சமமின்மையை மூடுகிறது. உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். நற்றிணை பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையுடன் 1915இல் வெளிவந்தது. அச்சு வழியாகத் தமிழுலகம் முதலில் அறிந்த ஓரி, வள்ளல்கள் வரிசையில் நின்ற ஓரியே. தோல்வியின் ஒலியைக் கொண்ட பாடல் பின்னர் வந்தது.

முடிவுரை

இன்று கொல்லிமலையின் செம்மேட்டில் குதிரைமீது அமர்ந்த ஓரியின் சிலை உள்ளது. ஆடிப்பெருக்கை ஒட்டித் தமிழ்நாடு அரசு அவனுக்கு விழா எடுக்கிறது, விற்போட்டியும் நடைபெறுகிறது. சிலைக்குப் பெருமிதம் என்னும் ஒரு மெய்ப்பாடு போதும். அதுவே அதன் இயல்பு. பாடல்களுக்கு அது போதாது.

இவ்வாய்வில் பெறப்படுவன மூன்று. முதலாவது, ஓரியின் வில்லாற்றல் மருட்கையின் மொழியில் கூறப்பட்டதாகும்; அதனூடே நாணம் என்னும் தனிப்பண்பு வெளிப்படுகிறது. இரண்டாவது, அவன் கொடையைப் புகழும் பாடலோடு அவனால் மனம் வருந்திய புலவரின் பாடலும் அதே தொகுப்பில் காக்கப்பட்டுள்ளது. அதனை அறவுரையாக மட்டும் வாசிப்பது தொனியைப் புறக்கணிப்பதாகும். மூன்றாவது, அவனது இறப்பு இரங்கற்பாவாக அமையாமல், தேற்றும் சொல்லிலும் நகைப்பிலும் உவமையாக எஞ்சியது; அவ்வெச்சத்தை உணர்வதற்கு உவமையின் மெய்ப்பாட்டையும் பொருளின் மெய்ப்பாட்டையும் வேறுபடுத்தி அறிய வேண்டும்.

சங்கப் பாடல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் என்ன சொல்லப்பட்டது என்பதோடு எந்தக் குரலில் சொல்லப்பட்டது என்பதையும் பதிவு செய்தல் இன்றியமையாதது. அவ்வாறு செய்யும்போது, புகழப்பட்டபோது தலைகவிழ்ந்த ஒரு மலைத்தலைவனும், அவனை நோகாமலே நொந்த ஒரு புலவரும், தம் தலைவனை இழந்து ஒரு தெருவில் கூடிநின்று ஆரவாரித்த மக்களும் ஓரியின் வாழ்க்கை வரலாற்றுக்குள் மீண்டும் இடம்பெறுவர்.